ஒயருக்கு இரண்டு தீ

அணைந்த குச்சி, அணையாத ஈர்க்கு

நல்ல மரத் தீக்குச்சி ஒன்றைக் கிழித்து, பாதி எரிந்ததும் ஊதி அணைத்துப் பாருங்கள். நூலிழை போல் புகை எழும். கறுத்த நுனி அப்படியே அடங்கிவிடும். இனி ஏறக்குறைய அதே பருமனுள்ள தென்னை ஈர்க்கு ஒன்றை எரித்து ஊதுங்கள். சுடர் போய்விடும், ஆனால் நுனியில் செங்கனல் ஊர்ந்துகொண்டிருக்கும். குப்பைக் கூடையில் போட்டால் காகிதத்தைப் பற்றவைக்கக்கூடிய கனல் அது. இரண்டும் தாவரத்திலிருந்து வந்தவைதான். ஒன்று அடங்குகிறது, மற்றது அடங்க மறுக்கிறது. ஏன்?

காரணம் மரத்தில் இல்லை, ஆலையில் இருக்கிறது. ஸ்வீடன் முறைத் தீப்பெட்டித் தயாரிப்பில், குச்சிக்கு மருந்து வைப்பதற்கு முன்பே அதை அம்மோனியம் பாஸ்பேட் கரைசலில் ஊறவைத்து உலர்த்துவார்கள். எரியும்போது இந்த உப்பு சிதைந்து பாஸ்பாரிக் அமிலமாகிறது. அமிலம் கரியின் மேல் படலமாகப் படிந்து, காற்றிலுள்ள ஆக்சிஜன் கரியைத் தொடவிடாமல் தடுக்கிறது. சுடர் இருக்கும்வரை குச்சி எரியும். சுடர் போனபின் கனலுக்கு இடமில்லை.

அந்த ஸ்வீடன் தீப்பெட்டித் தொழிலின் இந்தியக் கிளையாக 1923-இல் தொடங்கியதுதான் வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனி, சுருக்கமாக விம்கோ. அதன் ஆலைகளில் ஒன்று திருவொற்றியூரில் அமைந்தது. விம்கோ நகர் என்ற பெயர் புறநகர் ரயில் நிலையத்துக்கு வந்தது. 2021 பிப்ரவரி 14 அன்று வண்ணாரப்பேட்டைக்கு அப்பால் மெட்ரோ நீண்டபோது அதன் அன்றைய கடைசி நிலையத்துக்கும் வந்தது. தினமும் அங்கே ஏறி இறங்குபவர்களில் எத்தனை பேர் தீக்குச்சியை நினைக்கிறார்களோ!

பாஸ்பேட் வித்தை விம்கோவைவிட ஒரு நூற்றாண்டு மூத்தது. பாரிஸ் நாடக அரங்குகளின் திரைச்சீலைகள் தீப்பிடிக்காமல் இருக்க வழி காணும்படி பதினெட்டாம் லூயி மன்னர் கே-லுசாக் என்ற வேதியியலாளரைக் கேட்டார். 1821-இல் அவர் வெளியிட்ட விடைகளில் அம்மோனியம் பாஸ்பேட்டும் ஒன்று. துணிக்கும் மரத்துக்கும் அன்றே விடை கிடைத்துவிட்டது. பிளாஸ்டிக் வந்தபோது உலகம் வேறு வழியில் போயிற்று. போன வழியிலிருந்து இப்போது மெல்லத் திரும்பிக்கொண்டிருக்கிறது. அந்தப் போக்கும் திரும்புதலும்தான் இந்த அத்தியாயம்.

எரிவது கட்டி அல்ல

தடுப்பதற்கு முன் எது எரிகிறது என்று பார்த்துவிட வேண்டும். மரமோ பிளாஸ்டிக்கோ கட்டியாக இருக்கும்போது சுடர்விட்டு எரிவதில்லை. வெப்பம் பட்டதும் அதன் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள் அறுந்து, சிறு துண்டுகள் ஆவியாக வெளிவருகின்றன. அந்த ஆவிதான் காற்றோடு கலந்து எரிகிறது. எரியும் ஆவி தரும் வெப்பத்தில் பெரும்பகுதி மேலே போய்விடும். கொஞ்சம் மட்டும் திரும்பி வந்து கட்டியைச் சுடும். மறுபடி ஆவி கிளம்பும். இந்தச் சுற்று தானாக நடந்துகொண்டே இருந்தால் அதற்குப் பெயர் தீ. எங்காவது ஓரிடத்தில் சுற்றை அறுத்தால் தீ நின்றுவிடும்.

பிளாஸ்டிக் இதில் மரத்தைவிட மோசம். மணலி சுத்திகரிப்பு ஆலையிலிருந்து லாரிகளில் போகும் டீசலும் நம் வீட்டுப் பாலித்தீனும் வேதியியலில் நெருங்கிய உறவு. ஒரு கிராம் பாலித்தீன் எரிந்தால் ஏறத்தாழ ஒரு கிராம் டீசல் தரும் வெப்பத்தையே தருகிறது. மரமாவது எரியும்போது கரியாகித் தன்னைத்தானே கொஞ்சம் மூடிக்கொள்ளும். பாலித்தீன் கரி எதையும் விட்டுவைக்காமல் உருகிச் சொட்டும், சொட்டிய இடத்திலும் எரியும்.

பிளாஸ்டிக்கோடு கலந்து இந்தச் சுற்றை அறுக்கும் பொருளைத் தீத்தணிப்பான் என்று சொல்லலாம். எரியவே எரியாத பிளாஸ்டிக்கை அது தந்துவிடாது. சிறு பொறி பெருந்தீயாக மாறாமல் தடுக்கும். மாறினாலும் அதற்கு எடுக்கும் நேரத்தை நீட்டும். தூங்குகிறவர் விழித்து, குழந்தையைத் தூக்கிக்கொண்டு படியிறங்க அந்த நேரம் போதுமா என்பதுதான் கணக்கு.

சுடருக்குள் கைவைத்தவர்கள்

சுற்றை அறுக்க முதலில் பெருமளவில் தேர்ந்தெடுத்த இடம் சுடர். சுடருக்குள் ஹைட்ரஜனும் ஹைட்ராக்சிலும் துணையற்ற எலக்ட்ரானோடு அலைகின்றன. பாடநூல்கள் இவற்றைத் தனியுறுப்புகள் என்கின்றன. எரிதல் ஒரு மூலக்கூறிலிருந்து அடுத்ததற்குத் தாவுவது இவற்றால்தான். குளோரின், புரோமின் போன்ற ஹாலஜன்களைப் பிளாஸ்டிக்கில் சேர்த்தால், சூடானதும் அவை அமில வாயுவாகச் சுடருக்குள் புகுந்து இந்தத் தனியுறுப்புகளைப் பிடித்துக்கொள்ளும். சுடர் தளரும்.

புரோமின் கொஞ்சம் போட்டாலே போதும், விலையும் கட்டுப்படியாகும், பிளாஸ்டிக்கின் வலிமையும் கெடாது. அதனால் தொலைக்காட்சிப் பெட்டியின் பின்னட்டை முதல் கணினியின் பச்சை மின்தகடு வரை புரோமின் சேர்மங்கள் நுழைந்தன. குளோரின் இன்னும் எளிதாக வந்தது. பி.வி.சி. என்ற பிளாஸ்டிக்கின் எடையில் 57 விழுக்காடு குளோரின்தான்; தீத்தணிப்பான் அதன் உடம்பிலேயே இருக்கிறது. ஒயர் உறைக்கு உலகம் பி.வி.சி.யைத் தேர்ந்ததில் வியப்பில்லை. தீப்பொறி பட்டால் அது பாலித்தீனைப் போலப் பரவி எரியாது என்பது உண்மை. அதைக் குறைத்துச் சொல்வது நியாயமாகாது.

ஆனால் சுடரைப் பாதியில் தடுத்தால் ஆவி பாதி எரிந்தும் எரியாமலும் வெளியேறும். அதுதான் கரும்புகை. புகையோடு அந்த அமில வாயுவும் வரும்.

பத்துக்குப் பத்து அறையில் நூறு கிராம்

ராயபுரத்தின் பழைய தெரு ஒன்றில் ஒரு பத்துக்குப் பத்து அறையை எடுத்துக்கொள்வோம். உயரமும் பத்தடி. உள்ளே இருக்கும் காற்று சுமார் 28,000 லிட்டர். சுவரோரம் ஓடும் ஒயர்க் கட்டில் ஷார்ட் சர்க்யூட். நூறு கிராம் உறை எரிகிறது. நூறு கிராம் என்பது சில மீட்டர் நீள ஒயர்க் கட்டுதான்.

உறை பி.வி.சி. என்றால், அதில் பாதி பிசின். மீதி, மென்மையூட்டும் எண்ணெயும் சுண்ணாம்புத் தூளும் என்று வைப்போம். ஐம்பது கிராம் பிசின் முழுதும் சிதைந்தால் சுமார் 29 கிராம் ஹைட்ரஜன் குளோரைடு வாயு. கண்ணீரிலும் மூச்சுக்குழாயின் ஈரத்திலும் கரைந்தால் அது ஹைட்ரோகுளோரிக் அமிலம், கழிவறை கழுவும் ஆசிட்டில் இருக்கும் அதே பொருள். 29 கிராம் என்பது 19 லிட்டர் வாயு. அறை முழுக்கப் பரவினால் பத்து லட்சம் பங்கு காற்றில் சுமார் 670 பங்கு. அமெரிக்கத் தொழில்நல நிறுவனம் உயிருக்கு உடனடி ஆபத்து என்று கோடு போட்டிருப்பது 50 பங்கில். சுண்ணாம்புத் தூளும் சுவரும் முக்கால்வாசியை உறிஞ்சிக்கொள்கின்றன என்றே வைத்தாலும், மிஞ்சுவது அந்தக் கோட்டைப்போல் மூன்று மடங்கு.

கண்ணைத் திறக்க முடியாதவருக்கு வாசல் எந்தப் பக்கம் என்றே தெரியாது. 1997 ஜூன் 13 அன்று டெல்லி உபஹார் திரையரங்கில் இறந்த 59 பேரில் பெரும்பாலோரைக் கொன்றது நெருப்பல்ல, புகை. அங்கே முதலில் எரிந்தது டிரான்ஸ்ஃபார்மர் எண்ணெய். ஆனாலும் மூடிய இடத்தில் புகை என்ன செய்யும் என்பதற்கு இந்தியாவில் அதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம்.

ஓடும் ரயில் பெட்டி அதைவிட மூடிய இடம். 2012 ஜூலை 30 அதிகாலை, டெல்லியிலிருந்து சென்னை வந்துகொண்டிருந்த தமிழ்நாடு எக்ஸ்பிரஸின் எஸ்-11 பெட்டி நெல்லூரில் எரிந்து குறைந்தது 32 பேர் இறந்தார்கள். எண்ணூர், திருவொற்றியூர் வழியாகச் சென்னைக்குள் வரும் பாதை அது. சுரங்கத்துக்கும் ரயில் பெட்டிக்கும் பல நாடுகளில் ஹாலஜன் இல்லாத கேபிள் விதியாகிவிட்டதற்குக் காரணம் இந்த மூடிய இடக் கணக்குதான். பெரம்பூர் ஐ.சி.எஃப். போன்ற தொழிற்சாலைகளில் பெட்டி கட்டுபவர்களுக்கு இது பழகிய பாடம். ரயில்வேயில் இப்போது எலக்ட்ரான் கற்றை பாய்ச்சி இறுக்கிய மெல்லுறைக் கேபிள்கள் வந்திருக்கின்றன. ரயில் பெட்டிக்குக் கிடைத்த பாதுகாப்பு பெட்டியை விட்டு இறங்கி வீட்டுக்குப் போகிறவருக்கு இன்னும் கிடைக்கவில்லை.

இரண்டாவது தீ

இதுவரை சொன்னது விபத்து. விபத்து நடக்காமலே போகலாம். ஆனால் ஒயரின் வாழ்க்கையில் இன்னொரு தீ இருக்கிறது. பல சமயம் ஒயர் அதிலிருந்து தப்புவதே இல்லை.

வீட்டை இடித்ததும் பழைய ஒயர் காயலான் கடைக்குப் போகிறது. அங்கே அதன் மதிப்பெல்லாம் உள்ளிருக்கும் செம்புக்குத்தான். ஒவ்வொன்றாகக் கத்தியால் உரித்தால் நாள் போய்விடும். கொளுத்தினால் கொஞ்ச நேரத்தில் செம்பு கையில். சாதாரணத் தீயில் தானே அணையும் உறை, கட்டைகளைப் போட்டு மூட்டிய தீயில் என்ன செய்யும்? எரியத்தான் செய்யும். முந்நூறு ஏக்கருக்கு மேல் பரந்த கொடுங்கையூர்க் குப்பைமேட்டின் அக்கம்பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கு எரியும் பிளாஸ்டிக்கின் வாடையை யாரும் விளக்க வேண்டியதில்லை.

வேதியியலாளர் ஒருவர் வேண்டுமென்றே டயாக்சின் என்ற நச்சைத் தயாரிக்க நினைத்தால் அவருக்குத் தேவையானவை நான்கு: கரி, குளோரின், 200 முதல் 400 டிகிரி வரையான வெப்பம், வினையை விரைவுபடுத்த ஓர் உலோகம். அந்த வேலைக்கு மிகச் சிறந்த உலோகங்களில் ஒன்று செம்பு. திறந்தவெளியில் எரியும் பி.வி.சி. ஒயரில் நான்கும் ஒன்றாகச் சேர்ந்திருக்கின்றன. டயாக்சின் கொழுப்பில் கரையும், எளிதில் சிதையாது, உணவுச் சங்கிலியில் மேலே ஏறும். தென்சென்னையின் பெருங்குடிக் குப்பைமேட்டருகே வசித்த தாய்மாரின் பாலில் டயாக்சின் கூடுதலாக இருந்ததை ஜப்பானின் எஹிமே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் பங்கேற்ற ஆய்வு 2004-இல் வெளியிட்டது. அது உடம்புக்குள் வரக்கூடிய வழி என்று அவர்கள் சுட்டியது பசும்பாலை. மாடு குப்பையில் மேய்கிறது, மாட்டுப்பாலை மனிதர் குடிக்கிறார்.

புரோமினின் கதையிலும் மாடு வருகிறது. 1973-இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஒரே நிறுவனம் இரண்டு பொடிகளைத் தயாரித்துக்கொண்டிருந்தது. ஒன்று நியூட்ரிமாஸ்டர், மாட்டுத்தீவனத்தில் சேர்க்கும் மக்னீசியம் ஆக்சைடு. மற்றது ஃபயர்மாஸ்டர், புரோமின் தீத்தணிப்பான். மூட்டைகள் மாறிப்போயின. தீவனத்தில் ஃபயர்மாஸ்டர் கலந்துவிட்டது. தெரியவருவதற்குள் மாதங்கள் கடந்துவிட்டன. சுமார் 30,000 மாடுகளையும் 15 லட்சம் கோழிகளையும் கொன்று புதைத்தார்கள். அந்தச் சேர்மம் அங்குள்ள மக்களின் ரத்தத்தில் பல பத்தாண்டுகள் கழித்தும் இருந்தது.

அதன் பிறகும் வேறு புரோமின் சேர்மங்கள் வந்தன, வளர்ந்தன, ஒவ்வொன்றாகத் தடைக்கு ஆளாயின. நிலைத்த கரிமக் கேடுகளுக்கு எதிரான ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை 2009, 2013, 2017 ஆண்டுகளில் அவற்றில் முக்கியமானவற்றைப் பட்டியலில் சேர்த்தது. இந்தியாவின் மின்கழிவு விதிகளும் பி.பி.பி., பி.பி.டி.இ. என்ற இரண்டு புரோமின் குடும்பங்களுக்கு எடையில் 0.1 விழுக்காடு என்று வரம்பு வைத்தன.

ஒரு பிளாஸ்டிக் பாதுகாப்பானதா என்று சோதனைக்கூடம் முதல் தீயை வைத்து மட்டும் சொல்கிறது. கொடுங்கையூர் இருக்கும் வடசென்னையில் இருந்து பார்த்தால் இரண்டாவது தீயையும் சேர்த்தே சொல்ல வேண்டும். முதல் தீ சில வீடுகளில் நடக்கிறது. இரண்டாவது தீ ஏறத்தாழ எப்போதும் இதே ஊர்களில், இதே மக்கள் மூச்சுவிடும் காற்றில் நடக்கிறது.

அதே அறை, வேறு உறை

மறுபடி அந்தப் பத்துக்குப் பத்து அறைக்குப் போவோம். இம்முறை நூறு கிராம் உறை ஹாலஜன் இல்லாதது. அதில் 40 கிராம் பாலித்தீன் வகைப் பிசின். மீதி 60 கிராம் வெறும் வெள்ளைப் பொடி: அலுமினியம் ஹைட்ராக்சைடு. வயிற்றெரிச்சலுக்குக் குடிக்கும் ஆன்டாசிட் மருந்தில் இருக்கும் பொருள்தான். பாக்சைட்டிலிருந்து அலுமினியம் எடுக்கும் வழியில் இடையில் கிடைப்பது. சேர்வராயன் மலையிலும் கொல்லி மலையிலும் வெட்டி ஒரு காலத்தில் மேட்டூர் ஆலைக்குப் போனது அந்தப் பாக்சைட்.

இந்தப் பொடி பார்க்க உலர்ந்தது. ஆனால் 200 டிகிரியைத் தாண்டியதும் தன் எடையில் மூன்றில் ஒரு பங்கைத் தண்ணீராக விடும். அறுபது கிராமிலிருந்து ஏறத்தாழ 21 கிராம் நீராவி. மீதி 39 கிராம் அலுமினியம் ஆக்சைடு, அதாவது உலையிலும் எரியாத கல்.

இப்போது வெப்பக் கணக்கு. ஒரு லிட்டர் தண்ணீரை நம்மூர்ச் சூட்டிலிருந்து கொதிக்கும் நிலைக்குக் கொண்டுவர சுமார் 300 கிலோஜூல் வெப்பம் வேண்டும். அளவு மனத்தில் நிற்க அதை வைத்துக்கொள்ளுங்கள். பொடி கலக்காத நூறு கிராம் பிசின் எரிந்தால் சுமார் 4,000 கிலோஜூல். பொடி கலந்த உறையில் எரிய இருப்பதே 40 கிராம், ஆகவே 1,600. எரிபொருளில் பாதிக்கு மேல் கல்லாக மாற்றிவிட்டோம்.

பொடி தண்ணீரை விடும்போது விழுங்கும் வெப்பம் எவ்வளவு? அறுபது கிராமுக்கும் சேர்த்து ஏறக்குறைய 70 கிலோஜூல்தான். 1,600 எங்கே, 70 எங்கே? இந்த இடத்தில் பலர் நம்பிக்கை இழந்துவிடுவார்கள். ஆனால் ஒப்பிட வேண்டியது 1,600-உடன் அல்ல. தீயின் சுற்றை நினைவுகூருங்கள். கட்டியிலிருந்து ஆவி கிளப்பச் செலவாகும் வெப்பம்தான் சுற்றின் குறுகிய இடம். ஒரு கிராம் பிசினை ஆவியாக்கச் சுமார் 2 கிலோஜூல் போதும். நாற்பது கிராமுக்கு 80. பொடியும் தன் பங்குக்கு 70 கேட்கிறது. ஆக 150. ஒரு கிராம் ஆவிக்கு 2 கிலோஜூல் கொடுத்துவந்த சுடர், இப்போது ஏறத்தாழ 4 கொடுக்க வேண்டும்.

சுடரிடம் அது இருக்கிறதா? ஒரு கிராம் ஆவி எரிந்தால் 40 கிலோஜூல். அதில் பத்தில் ஒரு பங்குதான் கட்டிக்குத் திரும்புகிறது என்று வைப்போம். மீதி மேலே போய்விடும். திரும்புவது 4. பொடி இல்லாதபோது 4 வந்தது, 2 செலவானது, தீ வளர்ந்தது. பொடி வந்தபின் 4 வருகிறது, 4 செலவாகிறது. இதுவே கத்தி முனை. அதற்கு மேல், மிஞ்சிய கல்லைச் சூடாக்கவும் வெப்பம் போகிறது. 21 கிராம் நீராவி 35 லிட்டராக விரிந்து, எரியும் ஆவியை நீர்க்கச் செய்து சுடரைக் குளிர்விக்கிறது. மேற்பரப்பில் கல் படலமாக நின்று கீழே வெப்பம் இறங்காமல் தடுக்கிறது. தராசு அணையும் பக்கம் சாய்கிறது. பத்தில் ஒன்று என்பது வசதிக்காக எடுத்த எண். உண்மையில் அது தீயின் அளவையும் கேபிள் கிடக்கும் கோணத்தையும் பொறுத்து மாறும். ஆனால் ஆவி கிளப்பும் செலவை இரட்டிப்பாக்குவதுதான் இந்தப் பொடியின் வேலை என்பது மாறாது.

வெளிவந்தது நீராவி. அமிலம் இல்லை, டயாக்சினுக்குக் குளோரின் இல்லை. காயலான் கடையில் கொளுத்தினாலும் மிஞ்சுவது கரியும் கல்லும். கரியமில வாயுவும் கார்பன் மோனாக்சைடும் வரத்தான் செய்யும். எந்தப் பிளாஸ்டிக் எரிந்தாலும் அவை வரும், மோனாக்சைடு கொல்லவும் செய்யும். ஹாலஜன் இல்லாத புகை நல்ல புகை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். குறைவான புகை, கண்ணைக் குருடாக்காத புகை, அவ்வளவே.

தீப்பெட்டியின் பக்கவாட்டிலிருந்து

இந்தப் பொடிக்கு ஒரு சங்கடம் உண்டு. 200 டிகிரியிலேயே தண்ணீர் விட்டுவிடும். நைலானின் சில வகைகளை வார்க்க வேண்டுமானால் 260 டிகிரிக்கு மேல் உருக்க வேண்டும். அச்சுக்குள்ளேயே நீராவி கிளம்பிப் பொருள் கொப்புளித்துவிடும். 330 டிகிரி வரை தாங்கும் மக்னீசியம் ஹைட்ராக்சைடு ஒரு மாற்று. ஆனால் சுவிட்ச், கனெக்டர், எம்.சி.பி. போன்ற சிறு உறுப்புகளில் பாதிக்கு மேல் பொடி போட்டால் வலிமை போய்விடும். அங்கேதான் பாஸ்பரஸ் வருகிறது.

தீப்பெட்டியின் உரசும் பக்கத்தில் பூசியிருக்கும் செம்பழுப்புப் பொருளில் இருப்பது சிவப்புப் பாஸ்பரஸ். தீ மூட்டும் அதே பொருளைச் சில விழுக்காடு நைலானில் கலந்தால் தீ அணைகிறது. முரணாகத் தோன்றுவதன் காரணம் எளிது. பெட்டியில் உரசும்போது, ஆக்சிஜனை வாரி வழங்கும் பொட்டாசியம் குளோரேட் குச்சித் தலையில் காத்திருக்கிறது. நைலானுக்குள் அப்படி வழங்குபவர் இல்லை. சூடேறும்போது பாஸ்பரஸ் மெல்ல அமிலமாகி, நைலானின் மூலக்கூறுகளிலிருந்து தண்ணீரைப் பிடுங்கி, அதைக் கரியாக்குகிறது. கரியான பகுதி ஆவியாகாது. தீக்குச்சிக்குள் ஊறிய பாஸ்பேட் செய்த வேலையின் நெருங்கிய உறவு இது.

இன்னொரு கூட்டணி நுரைக்கும் வகை. அம்மோனியம் பாலிபாஸ்பேட், கரி தருவதற்கு ஒரு சர்க்கரை ஆல்கஹால் போன்ற பொருள், வாயு தருவதற்கு மெலமின். வெப்பம் பட்டதும் மூன்றும் சேர்ந்து, எண்ணெயில் போட்ட அப்பளம்போல் உப்பி, காற்றறைகள் நிறைந்த கரி மெத்தையாக நிற்கும். கட்டடங்களின் இரும்புத் தூண்களில் பூசும் தீத்தடுப்புப் பெயின்டிலும் நடப்பது இதுதான்.

அம்மோனியாவும் பாஸ்பாரிக் அமிலமும் சேர்ந்தால் அம்மோனியம் பாஸ்பேட். எண்ணூருக்கு இந்த வேதியியல் நன்றாகத் தெரியும். அங்கே கோரமண்டல் இன்டர்நேஷனல் ஆலையில் அது உரமாகிறது. 2023 டிசம்பர் 26 நள்ளிரவையொட்டி அந்த ஆலைக்குக் கடலுக்கடியில் வரும் அம்மோனியாக் குழாயில் கசிவு ஏற்பட்டு, பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்கள் மூச்சுத்திணறி வீட்டை விட்டு ஓடினார்கள். பயன்படுத்தும் இடத்தில் சாதுவான பொருள், செய்யும் இடத்திலும் சாதுவாக இருக்கும் என்று எந்த விதியும் இல்லை. ஹாலஜன் இல்லாதது என்ற முத்திரை இந்தப் பக்கத்தைப் பற்றி எதுவும் சொல்வதில்லை.

நல்ல மாற்றிலும் வில்லங்கம்

சிவப்புப் பாஸ்பரஸுக்கு ஈரம் ஆகாது. 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில், புரோமினைக் கைவிட்டுச் சிவப்புப் பாஸ்பரஸ் சேர்த்த பிளாஸ்டிக்கில் கணினிச் சில்லுகளை மூடினார்கள். காற்றின் ஈரத்தில் பாஸ்பரஸ் அமிலமாகி, கால்களுக்கு இடையே உலோகம் ஊர்ந்து, சில்லுகள் ஷார்ட் ஆயின. ஃபுஜிட்சுவின் ஹார்டு டிஸ்க்குகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. தீ எதுவும் பிடிக்கவில்லை என்பது வேறு விஷயம்! இப்போது பாஸ்பரஸ் துகளுக்குத் தனி மேலுறை போடுகிறார்கள். நைலானுக்கு அலுமினியம் பாஸ்ஃபினேட் என்ற நிலையான உப்பும் வந்துவிட்டது. சென்னைத் துறைமுகப் பகுதியின் உப்புக்காற்றில் வேலை செய்யும் எந்த மின்பொருளுக்கும் இது அலட்சியப்படுத்தக்கூடிய பாடமல்ல.

கனிமப் பொடி ஒயருக்கும் குறை உண்டு. பி.வி.சி. போல வழுவழுப்பாக இராது. வளைவுள்ள பைப்பில் இழுக்க எலக்ட்ரீஷியன் சலித்துக்கொள்வார். விலையும் கூடும். ஆனால் வீட்டின் மொத்தச் செலவில் ஒயரின் பங்கே சிறிது. கிரானைட்டுக்குக் கொடுக்கும் பணத்தில் தயங்காதவர்கள் இதில் தயங்குவது எனக்கு விளங்கவில்லை.

வெள்ளைப் பாஸ்பரஸ் தீக்குச்சியின் முடிவை இங்கே நினைக்கலாம். அதைச் செய்த தொழிலாளர்களின் தாடை எலும்பு அழுகியது. தீங்கு இல்லாத சிவப்புப் பாஸ்பரஸ் குச்சி 19-ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே கைக்கு வந்துவிட்டது. ஆனாலும் மலிவாக இருந்த காரணத்தால் வெள்ளை நீடித்தது. 1906-இல் பெர்ன் நகரில் நாடுகள் உடன்படிக்கை செய்தன. இந்தியாவில் 1913-இல் வெள்ளைப் பாஸ்பரஸ் தீக்குச்சித் தடைச் சட்டம் வந்தது. அதன் பிறகுதான் அது போயிற்று. மாற்று கண்டுபிடித்ததால் மட்டும் பழையது விலகவில்லை.

கடையில் கேட்க வேண்டியது

ஒயர்க் கடையில் மூன்று பெயர்கள் காதில் விழும். எஃப்.ஆர். என்றால் தீத்தணிப்பு உள்ள பி.வி.சி. எஃப்.ஆர்.எல்.எஸ்.ஹெச். என்றால் புகையையும் ஹாலஜனையும் குறைத்த பி.வி.சி.; குறைத்தது, நீக்கியதல்ல. இந்த வகைக்கு அமில வாயு எடையில் 20 விழுக்காடு வரை அனுமதி உண்டு. இரண்டும் ஐ.எஸ். 694 என்ற தரத்தின் கீழ் வருபவை. மூன்றாவது ஹெச்.எஃப்.எஃப்.ஆர்., ஹாலஜன் இல்லாதது. அதற்கான இந்தியத் தரம் 2018-இல் வெளிவந்த ஐ.எஸ். 17048. கடைக்காரர் ‘எல்லாமே ஃபயர் புரூஃப்தான் சார்’ என்பார். பேச்சை விடுங்கள், ஒயரின் மேலேயே அச்சிட்டிருக்கும் எண்ணைப் படியுங்கள்.

புரோமினின் இரண்டு குடும்பங்களுக்கு மின்கழிவு விதிகள் வரம்பு வைத்தன. பி.வி.சி. ஒயருக்கு அந்த விதிகளில் அப்படி வரம்பு இல்லை. ஆகவே வீடு கட்டுகிறவர்கள், ஒயரிங்குக்குப் பட்டியல் எழுதும்போது 17048 என்ற எண்ணையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். இடித்தெடுத்த பழைய ஒயரை விற்கும்போது, கொளுத்தாமல் எந்திரத்தில் உரித்துச் செம்பெடுக்கும் கடை எது என்று விசாரித்து அங்கே கொடுங்கள்.